தேன்மொழி நின்ற அறுபத்தொரு தடவை

நான் யாரிடமும் வலியப் போய்ப் பேசுகிறவன் இல்லை. இந்தப் பெஞ்சில் இதோடு ஒன்பதாவது முறை உட்காருகிறேன். எட்டு முறையும் பக்கத்தில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. உங்கள் வீட்டம்மா பையைத் திறந்தபோது அந்தக் குப்பி கண்ணில் பட்டுவிட்டது. இலைப் படம் போட்ட குப்பி. மேலே சொட்டு விடுகிற ரப்பர். பாராதது போல இருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

பையனுக்குத்தானே? எத்தனை வயது? ஒன்பதா. எத்தனை தடவை வருகிறது? ‘அடிக்கடி’ என்கிறீர்கள். சரி. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கொடுக்கலாமா கூடாதா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எட்டாம் வகுப்பு. உள்ளே டாக்டரம்மா இருக்கிறார், அவரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததை வேண்டுமானால் சொல்கிறேன். உங்கள் டோக்கன் நாற்பத்திரண்டு. இப்போது இருபத்தெட்டு உள்ளே இருக்கிறது. ஆளுக்கு ஆறு நிமிஷம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

என் பெயர் குருவையா. ராஜபாளையத்தில் நூல் மில்லில் முப்பத்துநான்கு வருஷம் வேலை. என் வேலை நூல் அறுவதை எண்ணுவது. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை உண்டு. ஒரு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். நூல் சுற்றுகிற கதிரை ஸ்பிண்டில் என்போம், நூறு ஸ்பிண்டிலுக்கு எத்தனை இழை அறுந்தது என்று கோடு போட வேண்டும். பஞ்சு மட்டமா, காற்று காய்ந்துவிட்டதா, மெஷின் பழசா, அதெல்லாம் மாஸ்டர் பார்த்துக்கொள்வார். இழை அறுந்து நின்றதா, ஒரு கோடு. அவ்வளவுதான். முப்பத்துநான்கு வருஷத்தில் என் கோட்டைத் திருத்தியது ஒரே ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி அழகர்சாமி வீட்டில் இருக்கிறேன். அவன் மகள் தேன்மொழி. வயது இருபத்தாறு. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் பில் போடுகிறாள். அவளுக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மாத்திரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாத்திரை சாப்பிட்டாலும் எப்போதாவது வரும். வந்தால் ஒரு நாள் படுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவாள். அவளுக்கு அது பெரிய விஷயமாக இருந்ததே இல்லை. எங்களுக்குத்தான்.

அதிலும் சித்திரை மாதத்தில் அது இன்னும் பெரிய விஷயமாகிவிட்டது. காரணம் ஏட்டையா.

ஏட்டையா என்றால் தம்பி மனைவி பூங்கோதையின் அண்ணன் வேலாயுதம். போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸில் பாதி, மலையடிவாரத்தில் கஞ்சா பிடிக்கிற வேலை. சங்கரன்கோவிலில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். ஆவணியில் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. வருகிறவர்கள் கண்ணில் மாத்திரை அட்டை படக் கூடாது. அதற்காகப் பூங்கோதை மாத்திரையை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டி, வேளாவேளைக்கு அவள் கையாலேயே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் ஏட்டையா ஒரு குப்பியோடு வந்தார். உங்களுடையது மாதிரியேதான். அதில் பெயர்கூட இல்லை, இலை மட்டும்.

“கஞ்சா எண்ணெய். வெளிநாட்டுல வலிப்புக்கு இதான் குடுக்கான். மாத்திரையத் தூக்கிப் போட்ரலாம்” என்றார்.

தம்பிக்குப் பயம். “மாமா, போலீஸ் கேஸ் ஆயிராதே?”

“நான்தானய்யா போலீசு.”

“நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்களே.”

“முப்பது வருஷம் கஞ்சாவோட பழகுனவன் நான். எத்தனை மூட்டையப் பிடிச்சிருக்கேன். எத்தனை மூட்டையக் கொளுத்தியிருக்கேன். அந்தப் புகைக்குப் பக்கத்துல நின்ன ஒரு போலீஸ்காரனுக்கு இன்ன வரைக்கும் வலிப்பு வந்திருக்கா? கேட்டுப் பாரு.”

யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. எத்தனை போலீஸ்காரர்கள் என்று கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் பேசும்போது யாரும் குறுக்கே பேச முடியாது.

பூங்கோதை, “மாத்திரையும் எண்ணெயும் ஒண்ணாண்ணே?” என்றாள்.

“கூறு கெட்டவளே. மாத்திரைன்னா நோயாளின்னு அர்த்தம். எண்ணெயின்னா சும்மா தலைக்குத் தேய்க்கதுன்னு சொல்லிக்கிடலாம். சம்பந்தகாரன் பாத்தாலும் என்ன கேப்பான்? முடி நல்லா வளருமானு கேப்பான்.”

அந்த வாதத்தில் பூங்கோதை விழுந்துவிட்டாள். தேன்மொழி அப்போது அங்கேதான் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “டாக்டர்ட்ட கேக்காம நான் எதையும் குடிக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

அதனால் மதுரைக்கு வந்தோம். ஐந்து பேர். இந்தப் பெஞ்சு பற்றவில்லை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கஞ்சாச் செடியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்றார். ஏட்டையா எங்களைத் திரும்பிப் பார்த்தார். குழந்தை வயதில் வருகிற, எதற்கும் அடங்காத சில வகை வலிப்புக்கு அதில் பலன் தெரிந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. அதுவும் இருக்கிற மாத்திரைகளோடு சேர்த்துத்தான் கொடுப்பார்களாம், மாத்திரையை நிறுத்திவிட்டு இல்லை. மற்ற மாத்திரையோடு மோதுமாம், தூக்கம் அதிகமாகுமாம், ஈரலுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கடையில் குப்பியில் விற்பதெல்லாம் அந்த மருந்து ஆகிவிடாது என்றார்.

“இவங்களுக்கு அது தேவையா இல்லையான்னு இப்பவே சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் எத்தனை தடவை வருது, எப்படி வருது, அது தெரியணும். எட்டு வாரம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. பாத்து முடிவு பண்ணுவோம்.”

நோட்டு என்றதும் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் வேலை என்று ஒன்று வந்துவிட்டால் எனக்கு வெட்கம் தெரியாது.

நீள நோட்டு வாங்கினேன். தேதி, ஆரம்பித்த மணி, முடிந்த மணி, என்ன செய்துகொண்டிருந்தாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள். ஆறு கட்டம். வலிப்பு என்றால் விழுந்து கை கால் இழுப்பது மட்டும் இல்லை, சிலருக்குச் சும்மா வெறித்துப் பார்க்கிற மாதிரியும் வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நான் மனதில் வாங்கிக்கொண்டேன். பேசிக்கொண்டிருக்கும்போது பதில் இல்லையா, பார்வை ஒரே இடத்தில் நிற்கிறதா, கூப்பிட்டால் திரும்பவில்லையா, நின்றுவிட்டாள் என்று அர்த்தம். ஒரு கோடு.

முதல் வாரம் ஒன்பது கோடு.

நான் எவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பத்தாம் நாள் சாயந்தரம் ஐந்து மணி நாற்பது நிமிஷத்துக்கு அவளுக்குப் பெரிதாகவே வந்துவிட்டது. அடுப்படி வாசலில் விழுந்தாள். பூங்கோதை ஓடி வந்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள், தலைக்குக் கீழே சேலையைச் சுருட்டி வைத்தாள். கடிகாரத்தை அவள் மறைத்ததால் நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஐம்பது விநாடி. பூங்கோதை என்னைப் பார்த்து, “அத்தான், அந்தத் தண்ணிச் செம்பையாவது எடுத்துக் குடுங்களேன்” என்றாள். எழுதி முடித்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன். அதுவும் ஒரு கோடுதான். பெரிய கோடு, சின்னக் கோடு என்று என்னிடம் கிடையாது.

பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அவள் டி.வி. பார்க்கும்போது எதிரே உட்கார்ந்தேன். அவள் டி.வி.யைப் பார்ப்பாள், நான் அவளைப் பார்ப்பேன்.

“பெரியப்பா, இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா எனக்கு மூச்சு முட்டுது.”

அதையும் எழுதினேன். ‘மூச்சு முட்டுவதாகச் சொன்னாள். பேச்சில் எரிச்சல்.’

ஏட்டையா தினமும் சாயந்தரம் வந்து நோட்டை வாங்கிப் பார்ப்பார். “எத்தனை அண்ணாச்சி?” என்பார். இருபது என்றால் முகம் மலரும். முப்பது என்றால் காபி கேட்பார். ஆறு வாரம் முடிந்தபோது நாற்பத்தைந்து. “மாத்திரை கேட்கலைங்கிறதுக்கு இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்?” என்றார். பிறகு பூங்கோதையிடம் ஏதோ தனியாகப் பேசிவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம் தேன்மொழிக்கு ஒரு தடவை பெரிதாக வந்தது. நாலு நாள் கழித்து மறுபடி. எட்டாவது வாரம் கம்பெனியிலேயே வந்து, நாற்காலியிலிருந்து விழுந்து நெற்றியில் மூன்று தையல். முதலாளி நல்ல மனிதர்தான். “உடம்பு சரியானதும் வாம்மா” என்று சொல்லி ஆட்டோ வைத்து அனுப்பிவிட்டார். எப்போது வரலாம் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கம்பெனியில் விழுந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கூட வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டு மணியை எழுதினேன்.

மொத்தம் அறுபத்தொன்று.

ஐந்து பேரும் மறுபடி வந்தோம். நோட்டுக்கு நான் காக்கி அட்டை போட்டிருந்தேன். டாக்டரம்மா அதைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். முழுவதும் படித்தார். வெளியே கூட்டம் நிற்கிறது, இவ்வளவு பொறுமையாகப் படிக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

“ஐயா, இது பதினோரு நிமிஷம் வெறிச்சுப் பாத்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. பக்கத்துல இருந்தவர் வேலாயுதம். அவர் என்ன செய்துட்டிருந்தார்?”

“கடைசிக் கட்டத்தில் இருக்கிறது அம்மா. பேசிக்கொண்டிருந்தார்.”

“எதைப் பத்தி?”

“கம்பம் மலையில் ஜீப்பை விரட்டிப் பிடித்தது.”

“இது பதினேழு நிமிஷம்?”

“அதே ஜீப்தான் அம்மா. திரும்பி வந்தது.”

டாக்டரம்மா பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனார். அவர் குறிப்பதை நானும் எண்ணினேன். ஏட்டையா பேசியபோது நின்றது முப்பத்தொன்று. நான் புத்திமதி சொன்னபோது நின்றது பத்தொன்பது. டி.வி. பார்த்தபோதும் ஜன்னல் வழியே பார்த்தபோதும் ஆறு.

“அப்ப எல்லாம் உங்களுக்கு என்ன ஆச்சும்மா?” என்று தேன்மொழியிடம் கேட்டார்.

“ஒண்ணும் ஆகலை டாக்டர். கேக்கலை.”

“காது கேக்கலையா?”

“காது கேட்டுச்சு. நான்தான் கேக்கலை.”

ஏட்டையா தொண்டையைக் கனைத்தார். தேன்மொழி போனை எடுத்து நீட்டினாள். அவளும் தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தாள், எங்களிடம் சொல்லாமல். காலண்டரில் சிவப்புப் புள்ளி. எட்டு வாரத்தில் ஐந்து புள்ளி. அந்த ஐந்தும் என் நோட்டிலும் இருந்தன, தேதி பிசகாமல். அதையும் நான் டாக்டரம்மாவிடம் சுட்டிக்காட்டினேன்.

“ஆறு வாரத்துல ரெண்டு. அப்புறம் ரெண்டு வாரத்துல மூணு. நடுவுல என்ன மாறுச்சு?” என்று கேட்டார் டாக்டரம்மா. பூங்கோதை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா நோட்டைத் திருப்பிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார். அது என் சொந்தக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை பீரோவைத் திறக்கும்போது மாத்திரை எத்தனை இருக்கிறது என்று பார்த்து எழுதுவேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, கை சும்மா இருக்காது. முதல் ஆறு வாரம் சரியாக இருந்தது. ஏழாவது வாரம், ‘ராத்திரி மாத்திரை ஏழு மிச்சம்.’ எட்டாவது வாரம், ‘பதினான்கு மிச்சம்.’

“ஐயா, இது என்ன?”

“மிச்சம் அம்மா.”

“ராத்திரி மாத்திரை ரெண்டு வாரமா உள்ள போகலைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“இருப்பு அதிகமாக இருந்தது தெரியும்.”

“ஏன் யார்ட்டயும் சொல்லலை?”

“நிற்பதை எழுதச் சொன்னீர்கள். இருப்பைக் கேட்கவில்லையே அம்மா.”

இன்று வரை அந்தப் பதிலில் எனக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை.

பிறகுதான் பூங்கோதை அழுதுகொண்டே சொன்னாள். ராத்திரி மாத்திரைக்குப் பதிலாக பார்வைக்கு அதே மாதிரி ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரை. பருப்புச் சாதத்தில் நெய்யோடு நெய்யாக அந்த எண்ணெய் பத்துச் சொட்டு. எல்லாம் அண்ணன் சொல்லி.

தேன்மொழி அம்மாவைப் பார்த்தாள். “மாத்திரை பெரிசா இருக்கேன்னு கேட்டேன். கம்பெனி மாத்திட்டான்னு சொன்னியேம்மா.” நெற்றித் தையலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். இவளுக்கு வருவது அந்த அடங்காத வகை இல்லை. மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் கட்டுப்படுகிறது, கொஞ்சம் அளவைக் கூட்டினால் இன்னும் குறையும். பார்ப்பதற்கு இன்னும் வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. இவளுக்கு இப்போது கஞ்சா மருந்து தேவை இல்லை. “இந்தக் குப்பியில என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து.”

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏட்டையா வீட்டுக்கு வந்தார். சங்கரன்கோவில்காரர்கள் ஆவணி மூன்றாம் தேதி வருவதாக உறுதி சொல்லிவிட்டார்களாம்.

“டாக்டரம்மா சின்னப் புள்ள சொன்ன அஞ்சை எடுத்துக்கிட்டாங்க. அண்ணாச்சி எழுதுன அறுபத்தொண்ணை விட்டுட்டாங்க. முப்பத்துநாலு வருஷ சர்வீசுய்யா. இவருக்கு எண்ணத் தெரியாதா? வலிப்பு வர்றவளுக்கே அவ எத்தனை தடவை நின்னான்னு எப்படித் தெரியும்? பக்கத்துல இருந்து பாத்தவருக்குத்தான தெரியும்? அறுபத்தொண்ணுன்னா மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம். எண்ணெயை முழுசா ஆரம்பிங்க. கலந்து குடுத்ததாலதான் கெட்டுப் போச்சு.”

என்னை இப்படி நாலு பேர் முன்னால் யாரும் புகழ்ந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். தம்பி கீழே பார்த்தான். “அண்ணன் தப்பா எண்ணியிருக்க மாட்டாரு” என்றான். பூங்கோதை எண்ணெய்க் குப்பி இருந்த அலமாரியைப் பார்த்தாள். கொடுத்துவிடுவார்கள் என்றே எனக்குத் தோன்றியது. டாக்டர் மதுரையில் இருக்கிறார், ஏட்டையா வாரத்துக்கு ஏழு நாள் வருகிறார்.

தேன்மொழி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“பெரியப்பா, நீங்க சொல்லுங்க. அஞ்சா, அறுபத்தொண்ணா?”

அந்த எட்டு வாரத்திலும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இதுதான் முதல்.

நான் எழுதியது ஒன்றுகூடப் பொய் இல்லை. அறுபத்தொரு தடவை நின்றாள், அறுபத்தொரு கோடு. ஆனால் மில்லில் ஒரு நடைமுறை உண்டு. என் கோட்டைத் திருத்திய அந்த ஒரு தடவை என்றேனே, அது இதுதான். மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண்ணை நாங்கள் சைடர் என்போம். நான் நாற்பது அறுந்தது என்று எழுதினேன். சைடர் இருபத்திரண்டு என்றாள். மாஸ்டர் அவள் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார். “நீ பாத்தவன். இழையைப் பிடிச்சுக் கட்டினவ அவ. அவ கை எத்தனை தடவை போச்சோ அத்தனைதான் அறுந்தது” என்றார். மூன்று நாள் நான் சோறு சாப்பிடவில்லை. ஆனால் முறை முறைதான். இரண்டு கணக்கு வந்தால் சைடர் கணக்கு நிற்கும்.

அதைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஏட்டையாவுக்குக் கேட்கவில்லை, “என்ன?” என்றார். மறுபடி சொன்னேன்.

“இவ மெஷினாய்யா?” என்றார்.

“இல்லை. இவள் சைடர்” என்றேன்.

நோட்டை எடுத்து அறுபத்தொன்றை ஒரே கோட்டில் அடித்தேன், கீழே இருக்கிற எண் தெரிகிற மாதிரி. மேலே ஐந்து என்று எழுதினேன். திருத்தினால் யார் கணக்கோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். தேன்மொழியிடம் கொடுத்தேன். போட்டாள். தேதி போட மறந்துவிட்டாள், அதை நான் போட்டேன். பிறகு அம்மாவிடம் கையை நீட்டினாள். பூங்கோதை பீரோச் சாவியைக் கொடுத்தாள். ஏட்டையா குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். காபி போட்டது அப்படியே இருந்தது.

ஆவணி மூன்றாம் தேதி சங்கரன்கோவில்காரர்கள் வந்தார்கள். தேன்மொழியே அவர்களிடம் மாத்திரையைச் சொல்லிவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வரவில்லை. அவள் மறுபடி கம்பெனிக்குப் போகிறாள். இப்போது உள்ளே இருக்கிறாள். தனியாகப் போய்க்கொள்கிறேன், நீங்கள் வெளியே இருங்கள் என்றாள், இருக்கிறேன்.

இப்போது எத்தனை தடவை வருகிறது என்று கேட்கிறீர்களா? எனக்குத் தெரியாது. கணக்கு அவளிடம். என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. கேட்கலாமா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை தோன்றுகிறது. ஐந்து என்றும் சொல்லலாம். விடிகாலையில் படுக்கையிலேயே ஒரு தடவை தோன்றுகிறது, அதை முந்தின நாளில் சேர்ப்பதா, அன்றைய நாளில் சேர்ப்பதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.